ஐந்து கடைகளுக்கு ஒரே தலை

காலை பத்து மணி இருபத்தொரு நிமிடம். வெள்ளிக்கிழமை. இந்த நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. அப்போது கடிகாரத்தைப் பார்த்தேனா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. கணினியில் இருக்கும் அந்த அட்டவணை, யார் எந்தக் கட்டத்தில் எந்த நிமிடம் கைவைத்தார்கள் என்பதைத் தானாகவே குறித்துவைத்துக்கொள்ளும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கைவைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தப்புச் செய்கிறோம் என்று தோன்றியிருந்தால்தானே பயம் வரும்?

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் இருபத்து நான்கு வருடங்களாகப் பார்சல் கட்டுகிறேன். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால் கடையில் எல்லோருக்கும் நான் 'பார்சல் சார்'. மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் நீள அறை என்னுடையது. அட்டைப்பெட்டிகள், பழுப்பு நிற டேப், புடவைக்கு மேலே சுற்றும் மல் துணி, ஒரு மேசை. மேசை ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மெஷின். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தால் அது கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பும். பெயர், முகவரி, புடவை எண். நான் அதைக் கிழித்துப் பெட்டியில் ஒட்டுவேன். அந்தச் சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. நின்றுபோன பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் கடைக்கு ஐந்து இணையதளங்கள். காஞ்சிபுரத்துக்கு ஒன்று. சிங்கப்பூர், மலேசியா, லண்டன், கனடா என்று மற்ற நான்கு. சிங்கப்பூரை முதலாளியின் தம்பி பார்த்துக்கொள்கிறார், மற்றவற்றை உறவுக்காரர்கள். புடவை எல்லாம் இங்கிருந்துதான் போகும். ஆனால் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடத்தில், ஒவ்வொரு ஆள் செய்து கொடுத்தவை. ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. கனடாவில் இருக்கும் ஒரு பெண் தப்பித்தவறி எங்கள் காஞ்சிபுரம் தளத்துக்கு வந்துவிட்டால் விலை ரூபாயில் இருக்கும், முகவரி எழுதப் போனால் ஆறு இலக்கப் பின்கோடு கேட்கும். கனடாக் கடை இருக்கிறது, அங்கே போங்கள் என்று சொல்ல ஒரு வரி கிடையாது. அவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இணைக்கும்போது, தேடலில் அந்தந்த நாட்டில் அந்தந்தத் தளம் வருடக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும் இடம் கெடக் கூடாது. அந்த வேலைக்குத்தான் என் மகள் வந்தாள்.

வந்தாள் என்பது சரியில்லை. நான்தான் கொண்டுவந்தேன். பக்கத்து ஏனாத்தூர்க் கல்லூரியில் படித்து, சென்னையில் இரண்டு வருடம் இதே வேலை பார்த்து, விடுதிச் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தாள். நான் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"பொண்ணு உன்ன மாதிரி கரெக்டா இருக்குமாபா?" என்று கேட்டார்.

"என்னவிடக் கரெக்டா இருக்கும் மொதலாளி."

"சரி, ஆவணி வரைக்கும் பாப்போம். நின்னா நிக்கட்டும்."

ஆவணி முகூர்த்தங்களுக்கான வெளிநாட்டு ஆர்டர் ஆனியிலேயே தொடங்கிவிடும். ரவிக்கை தைக்க வேண்டுமே. அதற்குள் இணைப்பு வேலை முடிந்து, பலன் தெரிந்தால், அவளுக்கு அந்த நாற்காலி நிலைக்கும். இல்லையென்றால் மறுபடியும் சென்னை, மறுபடியும் விடுதி. அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் முதல் நாள் கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு சின்ன மெத்தை எடுத்துப் போய் அந்த மர நாற்காலியில் போட்டாள். நிலைக்க நினைப்பவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

என்ன வேலை என்று ஒருநாள் காலை இட்லி சாப்பிடும்போது கேட்டேன்.

"நம்ம அஞ்சு கடையும் ஒரே பொடவயத்தான் காட்டுதுப்பா. எழுதியிருக்கறதும் அச்சு அசலா ஒண்ணுதான். தேடித் தர மெஷினுக்கு அது காப்பி அடிச்ச மாதிரி தெரியும். நாமதான் சொல்லணும், இது காப்பி இல்ல, கூடப் பொறந்ததுன்னு."

"யார்கிட்ட போய்ச் சொல்லுவ?"

"அந்தந்தப் பக்கத்துலயே, ஜனங்க கண்ணுக்குத் தெரியாத எடத்துல எழுதிவெக்கணும். நம்ம பக்கம் சிங்கப்பூரக் காட்டணும். சிங்கப்பூரும் திரும்பி நம்மளக் காட்டணும். ஒருத்தர் மட்டும் காட்டுனா நம்பாது."

"சம்பந்தம் பேசற மாதிரி இருக்குது."

"அதேதான். ரெண்டு வூட்டுலயும் தலயாட்டணும். சட்னி ஊத்திக்கோ."

முதலாளிக்கு வேறொரு யோசனை இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'காஞ்சிபுரம் பட்டு' என்று இருபது தடவை எழுதி, இருபதையும் மற்ற நான்கு தளங்களுக்கு இழுத்துவிட வேண்டும் என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் ஏமாற்றுகிறோம் என்று நினைத்து எல்லாத் தளங்களையும் கீழே தள்ளிவிடும் என்றாள். அடியில் ஐந்து நாட்டுப் பெயர்கள் சின்னதாக இருந்தால் போதும். சிங்கப்பூரிலிருந்து வருபவரைத் தானாகவே சிங்கப்பூர்த் தளத்துக்குத் தள்ளிவிடவும் கூடாது. "கையப் புடிச்சு இழுத்துக்கினு போகக் கூடாது மொதலாளி. வழிய மட்டும் காட்டணும்" என்றாள். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. ஒரே புடவைக்கு ஐந்து தளங்களில் ஐந்து பக்கங்கள். எதற்கு எது ஜோடி என்று பட்டியல் போட வேண்டும். அதில்தான் சிக்கல். நாங்கள் அரக்கு என்பதை சிங்கப்பூர்க்காரர்கள் மெரூன் என்று போட்டிருந்தார்கள், லண்டன்காரர்கள் ஒயின் என்று. மலேசியாவில் மாம்பழ மஞ்சளும் கஸ்தூரி மஞ்சளும் ஒன்றே. புடவை எண்ணைப் பாதிப் பேர் எழுதவே இல்லை. படத்தைப் பார்த்து, கரையைப் பார்த்து, இது அதுதான் என்று சொல்லக்கூடிய ஆள் கடையில் நான்தான். எல்லாவற்றையும் என் கையால் மடித்தவன். அறுநூற்றுச் சொச்சம் புடவைகள். இரண்டு வாரம், பார்சல் கட்டின நேரம் போக மீதி நேரத்தில், அவள் மேசையில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தேன்.

"நெறத்தையும் கரையையும் மட்டும் பாருப்பா" என்று சொல்லியிருந்தாள். "கடைசி வரிசைய நானே ரொப்பிட்டேன். அதுல உனக்கு வேல இல்ல."

இதை அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், முதலில் பத்துப் புடவைகளுக்கு மட்டும் போட்டு ஒரு மாதம் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். வியாழக்கிழமையே பத்தைக் கையால் போட்டுவைத்திருந்தாள். முதலாளி சம்மதிக்கவில்லை. "நல்ல காரியத்தப் பாதி பாதியா பண்ணுவாங்களாமா? ஒரு முடிச்சு இன்னிக்கி, மீதி ரெண்டு முடிச்சு அடுத்த மாசமா?" என்றார். பஞ்சாங்கம் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் மீதி எல்லாம் ஏறிவிட வேண்டும்.

அன்று காலை கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கீழே கூடத்தில் தீபாராதனை. என் மகளையும் வரச் சொன்னார்கள். நான் மேலே அவள் அறையில் தனியாக, பட்டியலைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் சரி. கரை சரி. பிறகு கண் கடைசி வரிசைக்குப் போயிற்று.

'முதன்மைப் பக்கம்' என்று தலைப்பு. சிங்கப்பூர்ப் பக்கத்துக்கு நேராக சிங்கப்பூர்ப் பக்கத்தின் முகவரியே இருந்தது. மலேசியாவுக்கு மலேசியா. கனடாவுக்குக் கனடா. ஒவ்வொன்றும் தானே முதன்மை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் கடை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் கிளை விற்றாலும் அனுப்புநர் முகவரி காஞ்சிபுரம்தான். கண்காட்சியில் கூடாரம் போட்டு விற்றாலும் மேலே அச்சடித்திருப்பது காஞ்சிபுரம்தான். பொங்கலுக்கு எல்லோரையும் உட்கார வைத்து முதலாளி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: "காஞ்சிபுரம்தான் தல. மத்ததெல்லாம் கையி காலு." இருபத்து நான்கு வருடங்களாக நான் கட்டிய ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தலையின் பெயரை எழுதியிருக்கிறேன். மலேசியாப் பக்கம் தன்னை முதன்மை என்று சொல்லிக்கொள்வது எனக்கு, கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்கு மேலே தம்பி பெயரைப் போட்டது மாதிரி இருந்தது. சின்னப் பெண், கடை வழக்கம் தெரியாமல் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். முதலாளி இதைப் பார்த்தால் எல்லோர் எதிரிலும் கேட்பார். கீழே மணி அடிப்பது கேட்டது. அவளைக் கூப்பிட்டுக் கேட்க நேரம் இல்லை.

முதல் கட்டத்தில் அந்தப் புடவையின் காஞ்சிபுரம் பக்கத்து முகவரியை வைத்தேன். மற்றக் கட்டங்களுக்கும் அதே போல வரும்படி, அவள் எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே, ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தேன். நான்கு நாட்டுப் பக்கங்களும் அடுத்த மூச்சில் காஞ்சிபுரத்துக்குத் தலைவணங்கின. அவளை ஒரு அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். பத்து இருபத்தொன்று.

மூன்று நிமிடத்தில் எல்லோரும் மேலே வந்தார்கள். முதலாளி விபூதிக் கையோடு பொத்தானை அழுத்தினார். "ராகு காலத்துக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது" என்று யாரோ சொன்னார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். தொன்னையில் நெய் நின்றது. என் மகள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பயமா இருக்குதுப்பா" என்றாள். "எல்லாம் நான் பாத்துட்டேன்மா" என்றேன்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. மெஷின் வழக்கம்போல் சீட்டுத் துப்பியது. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை நான் டேப்பை வெட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினேன். சீட்டு இல்லை. காகிதம் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். உருளை முழுசாக இருந்தது. மறுபடி மூடிவைத்தேன். மதியம் வரை இரண்டு வந்தன. இரண்டும் லண்டன். புதன்கிழமை ஒன்று. வியாழக்கிழமை கனடாவிலிருந்து ஒன்று வந்தது, அதுவும் பழைய வாடிக்கையாளர், நேரடியாகப் பெயர் தெரிந்து வந்தவர். அதற்குப் பிறகு அது வாயைத் திறக்கவில்லை. ஆனி மாதத்தில், ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், பார்சல் அறை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே கூடத்தில் சேலை உதறும் சத்தம்கூட உள்ளே கேட்டது.

கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து புடவை விரிக்கும் மூத்த சேல்ஸ்மேன் எட்டிப் பார்ப்பார். "இன்னா பார்சல் சார், கத்தி துரு புடிக்குதா?" இன்னொரு நாள், கொஞ்சம் சத்தமாக: "பொண்ணு அஞ்சு கடையையும் சேக்கறேன்னுச்சு. சேத்துச்சு சேத்துச்சு, நாலக் காணோம்." கூடத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து முதலாளியின் தம்பி கூப்பிட்டார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். என் மகளும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணே, நம்ம கடப் பேரையே போட்டுத் தேடுனேன். காஞ்சிபுரம் வருது. நான் இல்ல."

"நீ இல்லன்னா?"

"இல்லண்ணே. பக்கம் பக்கமா தள்ளிப் பாத்துட்டேன். போன மாசம் மொத ஆளா இருந்தேன். இப்ப நான் எங்கயுமே இல்ல."

முதலாளி என் மகளைப் பார்த்தார். அவள் "பாக்கறேன் சார்" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கட்டைவிரல் நகத்தை மற்ற விரலால் பிய்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது அப்படிச் செய்வாள்.

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். காஞ்சிபுரம் பக்கங்களைத் திறந்து பார்த்தாள், எல்லாம் சரி. வியாழக்கிழமை கையால் போட்டிருந்த பத்துப் புடவைகளை ஐந்து தளங்களிலும் திறந்து பார்த்தாள், அவையும் சரி. அந்தப் பத்து மட்டும் தேடலில் இன்னும் இருந்தன. அதுதான் அவளைக் குழப்பியது. ஒரே நேரத்தில் அத்தனை ஏற்றியதால் ஏதோ ஆகிவிட்டது, பத்தரைக்கு முன்னால் என்று அவசரப்பட்டதால் எங்கோ அறுந்துவிட்டது என்று நினைத்தாள். இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். காலையில் தட்டில் வைத்ததை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டின்போது என் மனைவி கேட்டாள்: "அப்டி இன்னாதான்மா ஆச்சு அந்தக் கடைங்களுக்கு?"

"அதான்மா தெரியல. சில சமயம் ஒரு பக்கமே சொல்லிக்கும், நான் முதல் இல்ல, வேற ஒருத்தர்தான் முதல், நான் அவரோட நகல்னு. அப்டி எழுதியிருந்தா தேடித் தர மெஷின் அத அப்டியே நம்பும். நகல எதுக்குக் காட்டணும்னு எடுத்துப் போட்டுடும். கூடப் பொறந்ததுன்னு பக்கத்துலயே எழுதியிருந்தாலும் கேக்காது. ஆனா நம்மளுது அப்டி இல்ல. ஒவ்வொரு பக்கமும் நான்தான் முதல்னு தன்னயே சொல்லிக்கணும். அந்த வரிசைய நான்தான் போட்டேன்."

"திரும்பி ஒருவாட்டி பாத்தியா?"

"நான் போட்டேன், அதுக்கப்பறம் அப்பா பாத்துச்சு. அப்பா பாத்தத எதுக்கும்மா இன்னொருவாட்டி பாக்கணும்?"

என் கையில் மோர்ச்சோறு. நான் அதை விழுங்கினேன். அடுத்த கவளத்தையும் பிசைந்தேன். என் மனைவி ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் மூன்று பேர்தான் இருந்தோம், வேறு யாரும் கிடையாது. நான் சொல்லவில்லை. முதலில் நானே சரிசெய்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனேன். அட்டவணையைத் திறந்து, கடைசி வரிசையை ஒவ்வொரு கட்டமாக மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். திறக்கவில்லை. அதை அவள் பூட்டியிருந்தாள். ஏற்றி முடித்த பட்டியல், இனி யாரும் மாற்ற வேண்டாம் என்று. பூட்டாமல் இருந்திருந்தாலும் பயனில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டியலிலிருந்து அது எப்போதோ பக்கங்களுக்குள் போய்விட்டது. ஐந்தில் நான்கு கடைகள் நாளெல்லாம், நான் தூங்கும்போதும், நான் முதல் இல்லை, நான் முதல் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தன. நான் சொல்லிக்கொடுத்தது.

அதற்குப் பிறகும் ஐந்து நாள் பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். அவள் தூங்கவில்லை, இன்று வேண்டாம். முதலாளி கோபமாக இருக்கிறார், இன்று வேண்டாம். காரணம் கிடைக்காத நாளே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை முதலாளி எங்கள் இருவரையும் கல்லாவுக்கு அழைத்தார். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள், சாவி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடு என்று அவளிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, கோபமில்லாமல், அதுதான் தாங்க முடியவில்லை, "ஆவணி வரைக்கும்னு சொன்னேன். ஆடியே பொறக்கலபா" என்றார்.

அவள் மேலே போய் நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. எட்டு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் ஒன்பதரைக்குக் கடைக்குப் போனபோது மாடி அறை பூட்டியிருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. போன் செய்தேன். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பத்து மணிக்கு மறுபடி. பத்தரைக்கு. வீட்டுக்குக் கூப்பிட்டேன், என் மனைவி, "கடைக்குத்தான்னு சொல்லிட்டுப் போச்சு. ஏன், வரலயா?" என்றாள். "வந்துடும், வந்துடும்" என்று வைத்துவிட்டேன். போனை இரண்டு தடவை சட்டைப்பைக்கு வெளியே விட்டேன்.

பிறகு எப்படி மாடிப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. முதலாளி அறையில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, மணி, கடைசி வரிசை, ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எல்லாத்துக்கும் காஞ்சிபுரம்னு போட்டியா?"

"ஆமா மொதலாளி."

"ஏன்யா?"

"நீங்க சொல்லுவீங்களே. தலன்னு."

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் கல்லாவுல ஒக்காந்துக்கினு ஆயிரம் சொல்லுவேன். அத எடுத்துக்கினு போய் மெஷினுக்குள்ள போடுவியா?"

அவரே அடுத்ததைக் கேட்டார்.

"பொண்ணு இன்னா சொல்லுது?"

"பொண்ண காணோம் மொதலாளி. காலையிலேருந்து."

அவர் எழுந்துவிட்டார். "யோவ், மொதல்ல அதச் சொல்ல மாட்டியா? போய்ப் பாருய்யா!"

பிள்ளையார்பாளையத்தில் அவளோடு பள்ளியில் படித்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன். தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மட்டும் நின்றது, அந்தப் பெண்ணின் அம்மா என் முகத்தைப் பார்த்துத் தறியை விட்டு எழுந்து வந்ததால். "இங்க வரலியே சார். தண்ணி குடிங்க மொதல்ல." குடித்தேனா என்று நினைவில்லை. அங்கிருந்து சர்வதீர்த்தக் குளத்துக்குப் போனேன். ஏன் அங்கே போனேன் என்று என் மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை. வெயிலில் தண்ணீர் அசையாமல் இருந்தது. படிக்கட்டில் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். ஒரு ஜோடி கிடந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். ஆண்கள் செருப்பு. கொஞ்சம் தள்ளி அதன் சொந்தக்காரர் மண்டபத்து நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பேருந்து நிலையம். அவள் வண்டியை நிறுத்தும் ஸ்டாண்ட். சென்னைப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். ஒரு நடத்துநர், "யாரத் தேடறீங்க, ஏறுங்க ஏறுங்க, கெளம்பியாச்சு" என்றார். ஏறவில்லை. ஏனாத்தூர் எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அங்கே நான்கு வருடம் படித்தவள் என்பதுகூட அன்றைக்கு என் தலையில் இல்லை.

நாலரை மணிக்குக் கடைக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. மூத்த சேல்ஸ்மேன் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. புடவையை மடித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். பார்சல் அறையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மெஷினில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எப்போதும்போல.

ஐந்து மணி ஆகியிருக்கும். படியில் காலடி கேட்டது. எனக்கு அந்தக் காலடி தெரியும்.

அவள் வாசலில் நின்றாள். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. தோளில் பை.

"போன் சார்ஜ் போயிடுச்சுப்பா" என்றாள். "ஏனாத்தூருக்குப் போயிருந்தேன். எங்க மிஸ்ஸப் பாக்க. பத்துப் பொடவ மட்டும் ஏன் தப்பிச்சிச்சுன்னு கேட்டேன். நான் கையால போட்ட பத்த விட்டுட்டு வேற ஒண்ணத் தொறன்னாங்க."

நான் எழுந்து நின்றேன்.

"தொறந்தேன். அப்பறம் லிஸ்ட்டத் தொறந்தேன். யாரு எப்ப மாத்துனாங்கன்னு அதுவே எழுதிவெச்சிருக்குது. பத்து இருபத்தொண்ணு. அப்ப நான் கீழ கற்பூரம் ஒத்திக்கினு இருந்தேன்."

"அம்மா…"

"சரிபண்ணிட்டேன். அங்கயே ஒக்காந்து எல்லாத்தையும் மாத்திட்டேன். இப்ப ஒவ்வொரு கடையும் தன் பேரத் தானே சொல்லுது. திரும்பி வர எத்தினி வாரம் ஆகும்னு தெரியல. ஆவணிக்குள்ள வராது. எல்லாம் பழைய எடத்துக்கு வருமான்னும் மிஸ் சொல்ல மாட்டேன்ட்டாங்க."

"மொதலாளி…"

"மேல அவரப் பாத்தேன். சென்னக்காரங்க வரட்டும், நீயும் கூட ஒக்காருன்னாரு. அப்பறம் பாக்கலாம்னாரு. நீயா வந்து ஒத்துக்கினதாவும் சொன்னாரு."

பையைத் திறந்து மெத்தையை எடுத்தாள். எடுத்தவள் அதை மேலே கொண்டுபோகவில்லை. என் மேசைமேல் வைத்தாள், அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாப்டியாப்பா?" என்றாள்.

இல்லை என்று தலையசைத்தேன்.

"சரி வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"இனிமே நீ பாத்ததையும் நான் ஒருவாட்டி பாத்துக்கறேன்பா."